ஏ5 கட்டத்துக்குப் போகாத குதிரை

கிருஷ்ணகிரியில் ஒரு திருமண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்த சதுரங்கப் போட்டியின் மூன்றாம் சுற்றில், 14 நகர்வுகளில் முடிந்துபோன ஓர் ஆட்டத்தை இங்கே ஆராய்கிறேன். கறுப்புக் காய்களை ஆடியவர் பாலக்கோட்டில் தக்காளி மண்டி ஒன்றில் கணக்கு எழுதுபவர். முப்பது வயதைக் கடந்த பிறகு ஆட்டத்தை முறையாகப் படிக்க வேண்டும் என்ற ஆசையோடு தருமபுரியில் நான் நடத்தும் மாலை வகுப்புக்கு வந்து சேர்ந்தவர். வெள்ளைக் காய்களை ஆடியவர் பர்கூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த கல்லூரி மாணவர். இருவருக்கும் ரேட்டிங் கிடையாது. ஆளுக்கு 60 நிமிடம் என்பதால் நகர்வுகளைத் தாளில் எழுதியாக வேண்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் பக்கத்தில் கடிகாரத்தில் மீதி இருக்கும் நிமிடத்தையும் குறித்து வைக்கும்படி என் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தால்தான் இந்த ஆய்வே சாத்தியமானது.

பின்தொடர்வோர் வசதிக்காக ஒரு சொல். பலகையின் நெடுவரிசைகளை வெள்ளையின் இடக்கைப் பக்கத்திலிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்றும், குறுக்குவரிசைகளை வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை என்றும் குறிக்கிறேன். × என்றால் வெட்டு, + என்றால் செக்; காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் இருந்தால் அது சிப்பாயின் நகர்வு. ஒவ்வொரு எண்ணுக்கும் பின் முதலில் வருவது வெள்ளையின் நகர்வு, அடுத்தது கறுப்பின் நகர்வு. நம் பக்கத்தில் சிலர் ராணியை மந்திரி என்பார்கள், சிலர் மூலைவிட்டத்தில் போகும் காயை மந்திரி என்பார்கள். குழப்பம் வேண்டாம் என்பதற்காக மூலைவிட்டக் காயைப் பிஷப் என்றே எழுதுகிறேன்.

ஆட்டம் இப்படி நடந்தது: 1. இ4 இ5 2. குதிரை எஃப்3 குதிரை சி6 3. பிஷப் சி4 குதிரை எஃப்6 4. குதிரை ஜி5 டி5 5. இ×டி5 குதிரை×டி5 6. குதிரை×எஃப்7 ராஜா×எஃப்7 7. ராணி எஃப்3+ ராஜா இ6 8. குதிரை சி3 குதிரை (சி6இலிருந்து) பி4 9. ராஜா பக்கம் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது), குதிரை×சி2 10. குதிரை×டி5 குதிரை×ஏ1 11. குதிரை எஃப்4 இரட்டைச் செக், ராஜா டி6 12. ராணி டி5+ ராஜா இ7 13. ராணி×இ5+ ராஜா டி7 14. ராணி இ6 செக்மேட்.

முதல் மூன்று நகர்வுகளில் சொல்ல அதிகம் இல்லை. இத்தாலிய ஆட்டம் என்று பெயர் பெற்ற தொடக்கத்தில் கறுப்பு தன் இரண்டு குதிரைகளையும் வெளியே கொண்டுவந்தால் அது இரு குதிரைத் தற்காப்பு ஆகிறது. மூன்றாம் நகர்வில் பிஷப்பை சி5க்குக் கொண்டுபோயிருந்தால் அமைதியான ஆட்டம் கிடைத்திருக்கும்; குதிரையை எஃப்6க்கு விடுபவர் நான்காம் நகர்வில் வெள்ளைக் குதிரை ஜி5க்கு வரும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் விட வேண்டும். ஜெர்மானிய மருத்துவரும் தம் காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவருமான சீக்பெர்ட் டாராஷ், வளர்ச்சி முடியும் முன்பே ஒரே குதிரையை இரண்டாம் முறை நகர்த்தும் அந்த ஜி5 நகர்வை அரைகுறை ஆட்டக்காரனின் நகர்வு என்று கண்டித்தார். ஆனால் எஃப்7 சிப்பாய்க்குக் காவல் ராஜா ஒருவர்தான். அதன் மீது குதிரையும் பிஷப்பும் ஒன்றாகப் பாயும்போது கண்டனம் யாரையும் காப்பாற்றுவதில்லை. பிஷப்பின் பாதையை அடைக்க டி5 என்று சிப்பாயை நீட்டுவதே வழக்கமான பதில். செக் நாட்டுப் பாதிரியார் கரேல் டிராக்ஸ்லர் 1890இல் ஆடிக் காட்டிய, எஃப்7ஐக் காக்காமலே பிஷப்பை சி5க்கு விட்டு எதிர்த்தாக்குதல் தொடுக்கும் வழி ஒன்றும் உண்டு. அதைத் துணிந்து ஆட ஆழ்ந்த படிப்பு வேண்டும்.

ஆட்டத்தின் முடிவைத் தீர்மானித்த இடம் ஐந்தாம் நகர்வு. வெள்ளைச் சிப்பாய் டி5இல் வெட்டி நிற்கிறது. கறுப்பு ஆட வேண்டும். அவருடைய தாளில் ஐந்தாம் நகர்வுக்கு முன் 58 என்றும் பின் 45 என்றும் எழுதியிருக்கிறது. மொத்த ஆட்டத்தில் எங்கும் செலவிடாத 13 நிமிடத்தை அவர் இங்கே செலவிட்டிருக்கிறார். அந்த வரியில் பேனா ஒரு முறை வைக்கப்பட்டு, எழுத்தாகாமல், மைப்புள்ளி மட்டும் விழுந்திருக்கிறது. தாளைக் கையில் வாங்கியதும் என் கண் போன இடம் அதுதான்.

அந்த 13 நிமிடத்தில் என்ன யோசித்தார் என்று ஆட்டம் முடிந்தபின் கேட்டேன். குதிரையை சி6இலிருந்து ஏ5க்கு விட்டு சி4 பிஷப்பைத் தாக்கலாம் என்பதை முதல் நிமிடத்திலேயே பார்த்துவிட்டதாகச் சொன்னார். மீதி 12 நிமிடமும் அந்த நகர்வை வேண்டாம் என்று தள்ளுவதற்குப் போயிருக்கிறது. காரணம், "ஓரத்துக்குக் குதிரையை விடாதீங்கன்னு நீங்கதானே சார் சொல்லியிருக்கீங்க" என்றார்.

சொல்லியிருக்கிறேன். வகுப்புக்கு வரும் எல்லோருக்கும் முதல் மாதத்திலேயே சொல்கிறேன். பலகையின் நடுவில் நிற்கும் குதிரைக்கு 8 கட்டங்கள் எட்டும், ஓரத்தில் நின்றால் நான்கோ மூன்றோதான், மூலையில் இரண்டே இரண்டு என்று எண்ணிக் காட்டி, ஓரத்துக் குதிரை ஊருக்கு உதவாது என்று முடிப்பேன். டாராஷின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு ஜெர்மானியச் சொலவடையின் கருத்துதான் அது. கருத்தில் பிழை இல்லை. ஆனால் எண்ணிக்கையை மட்டும் கற்றுக்கொடுத்து, அந்த எண்ணிக்கை எப்போது செல்லாது என்பதைச் சொல்லாமல் விட்டது என் பாடத்தில் இருந்த குறை. அதை மறைத்து எழுதினால் இந்த ஆய்வுக்கே பொருள் இல்லை.

ஏ5இல் குதிரை என்ன செய்கிறது என்று பார்க்கலாம். அங்கிருந்து அதற்கு எட்டும் நான்கு கட்டங்கள் பி3, சி4, சி6, பி7. அந்த நான்கில் ஒன்றில்தான் வெள்ளையின் மொத்தத் தாக்குதலுக்கும் உயிராக இருக்கும் பிஷப் நிற்கிறது. எட்டுக் கட்டங்களை ஆளும் குதிரை எதையும் தாக்காமல் நிற்பதைவிட, நான்கே கட்டங்களை ஆண்டாலும் எதிரியின் முக்கியக் காயை உடனே எழுப்பி ஓட்டும் குதிரைக்கு அந்த நேரத்தில் மதிப்பு அதிகம். வெள்ளை வழக்கமாக 6. பிஷப் பி5+ என்று செக் வைக்கும், கறுப்பு சி6 என்று சிப்பாயைக் குறுக்கே நிறுத்தும், 7. டி×சி6 பி×சி6 என்று வெட்டிக்கொண்ட பின் பிஷப் மறுபடியும் தாக்கப்பட்டு நிற்கும். அது இ2க்குப் பின்வாங்கினால், எச்6 சிப்பாய் ஜி5 குதிரையை விரட்டும். குதிரை எஃப்3க்குத் திரும்பினால் இ4 என்று சிப்பாய் மறுபடியும் விரட்டும். குதிரை இ5க்குத் தாவும். இந்த இடத்தில் வெள்ளை செலவிட்ட 10 நகர்வுகளை எண்ணிப் பாருங்கள்: ஒரே குதிரைக்கு நான்கு, ஒரே பிஷப்புக்கு மூன்று, ஒரே சிப்பாய்க்கு மூன்று. வெள்ளையிடம் ஒரு சிப்பாய் அதிகம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் ராணிப் பக்கத்துக் காய்கள் அத்தனையும் வீட்டிலேயே இருக்கின்றன; கறுப்பு அடுத்து பிஷப்பை டி6க்குக் கொண்டுவந்து குதிரையை மறுபடியும் தொந்தரவு செய்யும். ஒரு சிப்பாயைக் கொடுத்து நேரத்தை வாங்குவது என்றால் இதுதான்.

ஏ5 குதிரை பிறகு சிரமப்படும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலை முடிந்த பின் அது நெடுநேரம் அங்கேயே நிற்கும். பி7 வழியாகச் சுற்றித்தான் பல ஆட்டங்களில் உள்ளே திரும்புகிறது. ஓரத்துக் குதிரை பற்றிய எச்சரிக்கை பொய்யாகிவிடவில்லை, அதற்கு ஒரு விலை கொடுக்கப்படுகிறது, அந்த விலைக்கு ஈடாக ஒன்று கிடைக்கிறது. இதே வரிசையில் வெள்ளைக்கும் ஓர் ஓரத்துக் குதிரை உண்டு என்பது எனக்கு மிகப் பிடித்த செய்தி. எச்6 சிப்பாய் விரட்டும்போது எஃப்3க்குத் திரும்பி மறுபடியும் விரட்டு வாங்குவதற்குப் பதிலாக, எச்3 என்ற ஓரக் கட்டத்துக்குப் போவதை 19ஆம் நூற்றாண்டிலேயே வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ் ஆடினார். மறந்துபோயிருந்த அந்த நகர்வை 1963இல் ஆர்தர் பிஸ்கையருக்கு எதிராக பாபி ஃபிஷர் எடுத்து ஆடி வென்றார். உலகப் பட்டம் வென்ற இருவர் ஒரே தொடக்கத்தில் தெரிந்தே ஓரத்துக்குக் குதிரையை அனுப்பியிருக்கிறார்கள். இதை வகுப்பில் சொல்லாமல் சொலவடையை மட்டும் சொல்லிவந்திருக்கிறேன்.

ஐந்தாம் நகர்வில் கறுப்புக்கு வேறு வழிகளும் உண்டு. குதிரையை டி4க்கு விடும் ஃப்ரிட்ஸ் வழி, பி5 சிப்பாயை நீட்டும் உல்வெஸ்டாட் வழி இரண்டும் ஆடத்தக்கவை. அவற்றுக்குள் இங்கே போகவில்லை. இந்த ஆட்டத்தில் கறுப்பு தேர்ந்தது ஒரு குழந்தையும் யோசிக்கக்கூடிய நகர்வு: எஃப்6 குதிரையால் டி5 சிப்பாயை வெட்டிக்கொள்வது. போன சிப்பாய் திரும்பி வந்தது, குதிரை நடுவில் வந்து நின்றது, அவர் கற்ற விதி நூற்றுக்கு நூறு நிறைவேறியது.

அடுத்த நகர்வில் வெள்ளை குதிரையை எஃப்7இல் பலி கொடுத்தது. எஃப்7இல் நிற்கும் குதிரை டி8 ராணியையும் எச்8 யானையையும் ஒரே நேரத்தில் கவ்வுவதால் ராஜா அதை வெட்டியே தீர வேண்டும். இத்தாலியர் இதை ஃபெகாடெல்லோ என்பார்கள். ஆங்கில வழக்கைப் பின்பற்றி நம் பையன்கள் ஃப்ரைட் லிவர் என்று சொல்கிறார்கள். ரோமில் ஆடிய ஜூலியோ சேசரே பொலேரியோவின் காலத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய 400 ஆண்டுகளாக, இந்தக் குதிரைப் பலி ஆடப்பட்டுவருகிறது. ஆறாம் நகர்வில் உடனே பலி கொடுக்காமல் டி4 என்று நடுவை முதலில் திறப்பது லோல்லி தாக்குதல். அது இன்னும் வலுவானது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் கல்லூரி மாணவருக்கு லோல்லியைத் தெரியாது. அவர் மனப்பாடம் செய்திருந்தது எட்டாம் நகர்வு வரை.

7. ராணி எஃப்3+ ஒரே நேரத்தில் ராஜாவையும் டி5 குதிரையையும் தாக்குகிறது. ராஜா ஓடி ஒளிந்தால் குதிரை போய்விடும். ஆகவே இ6க்கு ஏறி வந்து குதிரையைக் காக்க வேண்டும். சதுரங்கத்தில் இதைவிட அச்சமூட்டும் காட்சி குறைவு. ஏழாம் நகர்விலேயே ராஜா மூன்றாம் படியில் வெட்டவெளியில் நிற்கிறார், அவருக்கு முன்னே டி5 குதிரை பிஷப்பின் கோட்டில் கட்டுண்டு அசைய முடியாமல் நிற்கிறது. 8. குதிரை சி3 வந்ததும் அந்த டி5 கட்டத்தின் மீது வெள்ளைக்கு பிஷப், ராணி, குதிரை என மூன்று தாக்குதல்கள். கறுப்பிடம் ராஜாவும் ராணியும் என இரண்டே காவல்கள். மூன்றாவது காவல் வேண்டும். சி6 குதிரையை இ7க்கு இழுத்துக் காக்கலாம், அல்லது பி4க்கு அனுப்பிக் காக்கலாம். நம் கணக்கர் பி4ஐத் தேர்ந்தார். நல்ல நகர்வு. சி2 சிப்பாயையும் மிரட்டுகிறது. இதுவரை அவர் தாங்கியது என்னைப் பெருமைப்பட வைக்கிறது. இந்த நிலையைத் தனியாகப் பலகையில் கண்டுபிடித்து ஆடுவது எளிதல்ல.

ஒன்பதாம் நகர்வில் வெள்ளையின் மனப்பாடம் முடிந்தது. ஏ3 என்று சிப்பாயை வைத்துக் குதிரையைக் கேட்பது நூல்களில் உள்ள கூர்மையான தொடர்ச்சி; ராணியை இ4இல் நிறுத்துவதும் உண்டு. மாணவர் கேஸ்லிங் செய்தார். சி2 சிப்பாய் போகும் என்பதை அவர் பார்த்தே இருக்கவில்லை என்பதை ஆட்டம் முடிந்தபின் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். கறுப்பு இங்கே சி6 சிப்பாயை வைத்து டி5க்கு நிலையான ஆதரவு கொடுத்திருந்தால், வெள்ளை டி4 என்று நடுவைத் திறந்து தாக்குதலைத் தொடர்ந்திருக்கும். ஆட்டம் கடினமாகத்தான் இருந்திருக்கும், ஆனாலும் ஆட்டமாக இருந்திருக்கும்.

அவர் சி2ஐ வெட்டினார். டி5ஐக் காக்கவென்றே பி4க்கு வந்த குதிரை, காவலை விட்டுவிட்டுச் சிப்பாயை எடுக்கப் போய்விட்டது. மூன்றாகியிருந்த காவல் மறுபடியும் இரண்டாயிற்று, தாக்குதல் மூன்றாகவே இருந்தது. தாளில் இந்த நகர்வுக்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மாணவர் 9 நிமிடம் உட்கார்ந்து, 10. குதிரை×டி5 என்று ஆடினார். இப்போது வெள்ளைக் குதிரை நகரும் எந்தக் கணத்திலும் பின்னால் இருக்கும் பிஷப் செக் வைக்கும். கறுப்பின் சி2 குதிரை டி4க்குத் திரும்பி ராணியைத் தாக்கியிருக்கலாம். பின்னால் வரும் செக்குகளின் முடிவில் இ6இல் குறுக்கே விழ ஒரு காயாவது மிஞ்சியிருக்கும். அப்போதும் வெள்ளையின் கையே ஓங்கியிருக்கும் என்றாலும், உடனடி மேட் வந்திருக்காது. ஆனால் ஏ1இல் ஒரு முழு யானை வெட்டுவதற்குக் காத்திருந்தது. மறுபடியும் ஒரு நிமிடத்துக்குள் அதை வெட்டினார். அந்தக் கணத்தில் காய்களை எண்ணினால் கறுப்பு ஒரு யானை முன்னால் இருந்தது.

11. குதிரை எஃப்4. இங்கே நடந்த ஒன்றை நேரில் பார்த்தவன் என்ற முறையில் பதிவு செய்கிறேன். கணக்கரின் கை இ5 சிப்பாயின் தலையைத் தொட்டது, அப்படியே நின்றது. எஃப்4 குதிரையை அந்தச் சிப்பாய் வெட்டலாம் போலத்தான் தோன்றும். ஆனால் செக் வைப்பது குதிரை மட்டுமல்ல, சி4 பிஷப்பும்தான். இரண்டு காய்கள் ஒன்றாகச் செக் வைக்கும்போது எதையும் வெட்டியோ மறைத்தோ பயனில்லை, ராஜா நகர்ந்தே ஆக வேண்டும். தொட்ட காயை ஆட வேண்டும் என்ற விதி இங்கே அவரைக் கட்டுப்படுத்துமா என்று மாணவர் கேட்க, தொட்ட காய்க்குச் சட்டப்படி நகர்வே இல்லாதபோது வேறு எந்தக் காயையும் ஆடலாம் என்று நடுவர் விளக்கினார். சரியான தீர்ப்பு. ராஜா டி6க்குப் போனார்.

பின்னர் நடந்தவை அனைத்தும் கட்டாயமானவை. ராணி டி5இல் செக் வைக்க, ராஜாவுக்கு இ7 ஒன்றுதான் இடம். ராணி இ5 சிப்பாயை வெட்டிச் செக் வைக்க, பிஷப்பை இ6இல் குறுக்கே நிறுத்தினால் ராணி அதை வெட்டி அங்கேயே மேட். ராஜா டி7க்கு ஓடினாலும் ராணி இ6இல் வந்து மேட். டி7இல் நின்ற ராஜாவுக்குப் பின்னால் டி8இல் அவருடைய ராணியும், சி8இல் அவருடைய பிஷப்பும், பக்கத்தில் சி7 சிப்பாயும் இருந்த இடத்திலேயே இருந்து ஓடும் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. இரண்டு யானைகளும் இரண்டு பிஷப்புகளும் ராணியும் ஆட்டம் முழுவதும் ஒரு முறைகூட நகரவில்லை. கறுப்பு ஆடிய 13 நகர்வுகளில் 6 குதிரைகளுடையவை, 5 ராஜாவுடையவை.

இறுதி நிலையைக் கலைக்க வேண்டாம் என்று இருவரையும் கேட்டுக்கொண்டு சிறிது நேரம் பார்த்தேன். கறுப்பின் குதிரை ஏ1இல், மூலையில், இரண்டே கட்டங்களை ஆண்டபடி நின்றது. ஐந்தாம் நகர்வில் ஏ5க்குப் போகலாமா என்று 13 நிமிடம் யோசித்து, ஓரம் என்பதற்காகப் போகாமல் விட்ட அதே குதிரைதான் அது. சி6இலிருந்து பி4, பி4இலிருந்து சி2, சி2இலிருந்து ஏ1 என்று மூன்று தாவலில் அதே ஏ வரிசைக்கு, அதிலும் கடைசிக் கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஏ5இல் இருந்திருந்தால் எதிரியின் பிஷப்பை விரட்டியிருக்கும். ஏ1இல் அது வெட்டிய யானை, அந்த ஆட்டத்தில் ஒரு நகர்வும் செய்திராத யானை.

வெளியே திண்ணையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மாணவர் தயங்கித் தயங்கிச் சொன்ன ஒரு வாக்கியம் எனக்கு இன்னொரு கோணத்தைக் காட்டியது. "அண்ணா, நீங்க மட்டும் குதிரைய ஏ5க்கு விட்டிருந்தீங்கன்னா அடுத்து என்ன ஆடணும்னே எனக்குத் தெரியாதுண்ணா. யாரும் அங்க விடமாட்டாங்கன்னு நெனச்சிட்டேன்." நம் வட்டாரப் போட்டிகளில் ஜி5 குதிரை இவ்வளவு வெற்றிகளைக் குவிப்பதற்கு அந்த நகர்வின் வலிமை பாதிக் காரணம்தான். எதிரில் இருப்பவர்களும் என்னைப் போன்ற ஒருவரிடம் அதே சொலவடையைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்பது மறுபாதி. கணக்கர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப வா தம்பி, அதையே ஒரு தடவ வச்சுப் பாத்துரலாம்" என்றார். நான்காம் சுற்று தொடங்க 20 நிமிடம் இருந்தது. மண்டப வாசற்படியில் சுருட்டுப் பலகையை விரித்து, ஐந்தாம் நகர்விலிருந்து இருவரும் ஆடினார்கள். மாணவர் பிஷப்பை பி5க்கு விடாமல் பி3க்குப் பின்வாங்கினார். கணக்கர் உடனே குதிரையால் அந்தப் பிஷப்பை வெட்டி, ஏ வரிசைச் சிப்பாயால் வெட்டு வாங்கிக்கொண்டு, தன் எஃப்6 குதிரையால் டி5 சிப்பாயை எடுத்துக்கொண்டார். எஃப்7ஐ மிரட்ட இனி வெள்ளைக்குப் பிஷப் இல்லை. ஜி5இல் தனித்து நின்ற குதிரையைக் கறுப்பு ராணி டி8இலிருந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. அழைப்பு வந்ததால் அந்த ஆட்டம் அத்தோடு நின்றது.

அடுத்த வாரத்திலிருந்து என் வகுப்பில் குதிரைப் பாடத்தின் வரிசையை மாற்றியிருக்கிறேன். 8, 4, 2 என்று கட்டங்களை எண்ணிக் காட்டுவது அப்படியே இருக்கிறது. எண்ணி முடித்ததும் பலகையைக் கலைக்காமல், ஐந்தாம் நகர்வு வரையிலான இந்த நிலையை அடுக்கி, சி6 குதிரையை எங்கே விடுவீர்கள் என்று கேட்கிறேன்.